தலையில் வைத்த கை

சிதம்பரம்
18.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்ரீமதி எழுதுகிறேன். நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். நீங்களும் அரசியும் உண்மையாகவே நலமாக இருந்தால் போதும்.

கட்டின புருஷனுக்கு இந்தக் காலத்தில் தபாலில் கடிதமா என்று சிரிப்பீர்கள். வேறு என்ன செய்வது? "ஆர்டர் வர்ற போன்ல அழுகாச்சி எதுக்கு?" என்று கேட்டீர்கள். மறுநாளிலிருந்து என் நம்பரிலிருந்து உங்கள் போனுக்கு அழைப்பே போகவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அண்ணன் என்னைத் தெற்கு வீதியில் நஜியா என்ற பிசியோதெரபிப் பெண்ணிடம் அழைத்துப் போயிருக்கிறான். தினமும் கையால் அரைப் பக்கம் எழுதணும், எந்த வரியில் பெருவிரல் மரத்துப் போகிறது என்று குறிச்சு வைக்கணும் என்கிறாள். முதல் நாள் நாலு வரி. நோட்டில் அ, ஆ எழுதவா முடியும்? அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தப் பத்தியை இரண்டு நாளாக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நெல்லிக்குப்பம்காரம்மா நினைவு போகவே மாட்டேன் என்கிறது. ஒன்பது நாள் ஃப்ரேம் மேல் கழுத்தைக் கவிழ்த்து அவள் பெண்ணின் கல்யாண ஜாக்கெட்டுக்குக் குத்தின ஆரிப் பூவேலை மாமா அது. முதுகில் இரண்டு மயில், கையில் மாங்காய். கழுத்தில் கிளம்பும் வலி தோள் வழியாக இறங்கிப் பெருவிரலில் ஷாக் அடிக்கும். ஊசி தானாக விழும். வலது கையைத் தூக்கித் தலை மேல் வைத்தால் மட்டும் சுவிட்சை அணைத்தது போல நின்றுவிடும். இரண்டு நிமிஷம் வைத்துக்கொண்டு திரும்ப ஊசியை எடுப்பேன். அந்த இரண்டு நிமிஷத்தில்தான் அந்தம்மா கடைக்குள் வர வேண்டுமா? "இன்னா இது, கல்யாண ஜாக்கெட்ட மடியில வெச்சிகினு தலையில கைய வெச்சிகினு உக்காந்திருக்கா! எம் பொண்ணு வாழணுமா வேணாமா?" என்று பாதி வேலையில் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளை நான் குறை சொல்லவில்லை. எங்கள் அம்மாவும் நான் சின்னதில் தலையில் கை வைத்தால் வெடுக்கென்று தட்டிவிடுவாள். எல்லாம் போன பிறகு வைக்கிற கை அது என்று எனக்கும் தெரியும். வலி அதைப் பார்த்தா வருகிறது? நீங்கள் அன்று சாயங்காலமே என் பையைக் கட்டி, "கை எறங்குற வரைக்கும் ஒங்கண்ணன் வூட்ல இரு, ஸ்கூல் தொறக்கப் போவுது, அரசி இங்கயே இருக்கட்டும்" என்று பஸ் ஏற்றினீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அரசியின் முன்பல் விழுந்துவிட்டதா? தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவினால்தான் இடது பக்கச் சுருட்டை படியும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் யார்? எப்போது வீட்டுக்கு வரலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

உங்கள்
ஸ்ரீமதி


திருப்பாப்புலியூர், கடலூர்
29.6.2024

அன்புள்ள மதிக்கு,

கடையிலிருந்து எழிலன். அளவு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. கையெழுத்து கோணலாக இருந்தாலும் படிக்க முடிந்தது. போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, நீ சொல்கிறபடி எழுதுவதே நல்லது.

ஒன்பது வருஷமாக நான் வெட்டுகிற மேஜையிலும் நீ ஃப்ரேமிலும் எதிரெதிரே உட்கார்ந்து உண்டாக்கின கடை இது. அதனால்தான் சொல்கிறேன், வருத்தப்படாதே. நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை. ஆனால் நடந்ததைப் பார். போன ஐப்பசியில் நீ தலையில் கை வைக்க ஆரம்பித்தாய். கார்த்திகையில் இரண்டு மெஷின் நின்றது. தையில் எதிரே ரெடிமேட் ஷோரூம் வந்தது. இப்போது நெல்லிக்குப்பம்காரி போகிற இடமெல்லாம் சொல்கிறாள். இந்த ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாண ஜாக்கெட்கூட வரவில்லை. உனக்கு வலி இருக்கலாம், இல்லை என்று சொல்லவில்லை. வலிக்கிற கையை மடியில் வைத்துக்கொள்ளக் கூடாதா? ஊரில் யாருக்கும் கை வலிப்பதில்லையா?

அரசி நன்றாக இருக்கிறாள். பல் விழுந்துவிட்டது. உன் கையைத் தட்டிவிடுகிற விளையாட்டை அவள் மறக்கவில்லை. நீ தலையில் கை வைத்ததும் எங்கிருந்தாலும் ஓடிவந்து தட்டிவிடுவாளே, தட்டினால் நான் ஒரு தேன்மிட்டாய் கொடுப்பேனே, அதேதான். குழந்தை சிரிப்பாள், தையல்காரப் பெண்கள் சிரிப்பார்கள், நீ மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவாய். இப்போது பொம்மையின் கையைத் தலையில் வைத்துத் தட்டி விளையாடுகிறாள்.

"அம்மா கைய எறக்கிட்டாளா?" என்று தினமும் கேட்கிறாள். "இன்னும் இல்லம்மா" என்கிறேன். அவளுக்குப் புரிகிறது. உனக்கும் புரியும் என்று நம்புகிறேன். கை இறங்கின அன்றே வா.

அன்புடன்
எழிலன்


சிதம்பரம்
14.7.2024

அன்புள்ள மாமாவுக்கு,

குழந்தையிடம் அப்படிச் சொல்லலாமா? உங்கள் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. அண்ணி பயந்துபோய் ஆனித் திருமஞ்சனக் கூட்டத்தில் கோயிலுக்கு இழுத்துப் போனாள். சாமியிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருந்தது.

அழுகையை நிறுத்திவிட்டு விஷயத்தைச் சொல்கிறேன். நான் நடிக்கவில்லை என்பதற்கு ருசு கிடைத்துவிட்டது.

நஜியா என்னை அவள் படித்த காலேஜுக்கு அழைத்துப் போனாள். கண்ணை மூடிப் படுக்க வைத்து, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற சதையில் வட்டமாக இரண்டு ஸ்டிக்கரை ஒட்டி ஒயர் மாட்டினாள். தோளை ஒரு கையால் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, என் கையைப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கையைப் பின்னால் மடக்கி, முழங்கையை மெல்ல நீட்டினாள். முதலில் நல்ல கை. அது ஏறக்குறைய முழுசாக நீண்ட பிறகுதான் தோள் கொஞ்சம் எதிர்த்தது. அது எல்லோருக்கும் உண்டாம். பிறகு வலது கை. பாதிகூட நீளவில்லை, பெருவிரலில் ஷாக் இறங்கியது, தோள் அவள் கையைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியது. நான் ஏற்றவில்லை மாமா! இறக்கலாம் என்று பார்க்கிறேன், அது கேட்கவில்லை.

"கண்ணத் தொறந்து பாருக்கா" என்று, சதை இறுகினால் கோடு எழும்புகிற கம்ப்யூட்டரைக் காட்டினாள். "நீ வலிக்குதுன்னு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே கோடு எழும்பிடிச்சி. கழுத்துல நரம்பு பொறப்படற எடத்துல புண்ணாட்டம் இருக்கு. அத யாரும் இழுத்துடக் கூடாதுன்னு சதை காவலுக்கு நிக்குது. இத நீ நெனச்சாலும் நடிக்க முடியாது." தலையை இடது பக்கம் சாய்க்கச் சொன்னாள், வலி உயிர் போனது. வலது பக்கம் சாய்த்தேன், குறைந்தது. கையைத் தலையில் வைத்தேன், நின்றது. அந்த நரம்புக்கு இழுவை குறைகிற இடம் அதுதான், எங்கள் பாடத்திலேயே இருக்கிறது என்று தன் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இதோடு வைத்திருக்கிறேன். சகுனத்தைச் சொன்னேன். "எங்க உம்மாவும் அதே பாட்டுதான் பாடுவாங்க" என்று சிரிக்கிறாள்.

ஒழுங்காகப் பயிற்சி செய்தால் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் அடங்கிவிடுமாம். அதுவரை கை தலைக்குப் போகத்தான் செய்யும். பின்கட்டில் யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்கிறேன், கடைப் பக்கமே வர மாட்டேன். வீட்டுக்கு வரட்டுமா? அரசியை ஒரு தடவை போனிலாவது பேச விடுங்கள்.

உங்கள்
ஸ்ரீமதி


திருப்பாப்புலியூர்
3.8.2024

மதிக்கு,

சீட்டைப் படித்தேன். பக்கத்துக் கடை லூர்துசாமியிடமும் காட்டினேன். உன் தோள் ஏறுகிறது என்று மெஷின் வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு மெஷின் தேவைப்படவில்லை. உன் தோளை எனக்குப் பத்து மாதமாகத் தெரியும்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ எழுத வைக்கிறாய். திருவந்திபுரம் கோயில் படியில் கூட்டமாக இருந்ததே என்று உன் கையைப் பிடித்தேன். தோள் காதுவரை ஏறியது, கையை உருவிக்கொண்டாய். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் என் இடுப்பைப் பிடிப்பாயே, அதை விட்டுவிட்டாய். வளையல் போட்டுவிடலாம் என்று கையை நீட்டச் சொன்னேன், அதற்கும் தோள் ஏறியது. தையல்காரப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கையை மெதுவாக எடுத்து என் மார்பில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். தூக்கத்திலும் தோள் ஏறியது மதி. கண் திறக்கவில்லை, முழிக்கவில்லை, ஆனால் கை என்னிடம் வர மாட்டேன் என்றது. தூங்குகிறவளுக்கு நடிக்கத் தெரியாது. அன்றைக்கு எல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

அரசிக்கு அந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது அன்று சாயங்காலம்தான். உனக்கு வலிக்கும் என்று தெரிந்தேதான் கற்றுக்கொடுத்தேன். போதுமா?

வீட்டுக்கு வருவதைப் பற்றி இப்போது பேசாதே. போனும் வேண்டாம், குழந்தை கெட்டுப்போகிறாள்.

எழிலன்


சிதம்பரம்
11.8.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பத்து மாசமாக இதை மனசில் வைத்துக்கொண்டா என் எதிரே துணி வெட்டினீர்கள்? ஒரு வார்த்தை, "ஏண்டி கைய இழுத்துக்கற?" என்று கேட்டிருந்தால், வலிக்குது மாமா என்று சொல்லியிருப்பேனே. அரசியை விட்டுத் தட்டச் சொல்லியிருக்கிறீர்கள். அவள் தட்டும்போது தோளிலிருந்து நகக்கண் வரை கத்தியால் கீறின மாதிரி இருக்கும். நான் கத்துவேன், குழந்தை சிரிப்பாள், உங்களைப் பார்ப்பேன், நீங்கள் மிட்டாய் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பீர்கள். தெரிந்தேதான் என்று இப்போது எழுதுகிறீர்கள்.

அதையும் மன்னிக்கிறேன். ஏன் என்றால், தூக்கத்திலும் ஏறியது என்று நீங்கள் எழுதினதை நஜியாவிடம் காட்டினேன். "இதவிட ருசு வேணுமா? மனசு தூங்கினாலும் நரம்பு தூங்கறதில்லக்கா, கைய இழுத்ததும் சதை காவலுக்கு வந்திடிச்சி" என்றாள். உங்கள் வாயாலேயே என் வழக்கை ஜெயித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

மாமா, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இந்த ஒன்பது வருஷத்தில் உங்கள் கையை நான் ஒரு நாளும் வெறுத்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை எழுப்பி, இடது கையை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம். அது உங்களிடம் ஓடி வந்திருக்கும். நான் உங்களுக்கு இடது பக்கம் படுக்கிறவள், என் வலது கைதான் கிட்டே கிடந்தது, அதுதான் தப்பாகப் போயிற்று.

அரசியைப் பார்க்க வேண்டும். நீங்கள் எங்கே சொல்கிறீர்களோ அங்கே வருகிறேன். பதில் போடுங்கள்.

உங்கள்
ஸ்ரீமதி


திருப்பாப்புலியூர்
27.1.2025

ஸ்ரீமதிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. ஆகஸ்டிலிருந்து பதினேழு. பதில் எழுத மனம் வரவில்லை. டிசம்பர் வெள்ளத்தில் கடைக்குள் முழங்கால் தண்ணீர், அது வேறு.

தைப்பூசத்துக்கு அரசியை அழைத்துக்கொண்டு வடலூர் வருகிறேன். தருமசாலை வாசலில் நில். வலி ரொம்பக் குறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். கை இறங்கியிருந்தால் மூன்று பேரும் சேர்ந்தே வீட்டுக்குத் திரும்பலாம். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன். துணிமணி எடுத்துக்கொண்டு வா.

எழிலன்


சிதம்பரம்
13.2.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என்ன ஆயிற்று? அரசிக்குக் காய்ச்சலா? பஸ் கிடைக்கவில்லையா?

காலை எட்டரைக்கே வாசலில் நின்றுவிட்டேன். அண்ணன் தன் மினிபஸ் வேலையை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தான். நம் மூன்று பேருக்கும் என்று அண்ணி கட்டிக் கொடுத்த புளிசாதம், என் துணிப்பை, அரசிக்கு ஒரு கவுன். அந்தக் கவுனில் மார்புப் பக்கம் சின்னதாக ஒரு குருவி குத்தியிருக்கிறேன். எட்டு மாசத்துக்குப் பிறகு நான் பிடித்த முதல் ஊசி. பத்துப் பத்து நிமிஷமாக ஒரு வாரம் ஆயிற்று.

மாமா, அவ்வளவு கூட்டத்திலும் கையை இறக்கியே வைத்திருந்தேன். வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், தாங்குகிற வலிதான். பதினொன்றரை வாக்கில் சாப்பாட்டுக்கு ஒரு கும்பல் நெருக்கித் தள்ளி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டது. அப்போது மட்டும் ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிஷம், தலையில் வைத்தேன். பிறகு சாயங்காலம் ஐந்து மணிவரை வைக்கவே இல்லை. சின்னப் பெண் குழந்தை எது வந்தாலும் முன்பல்லைப் பார்த்தேன். இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். புளிசாதத்தைக்கூட யாரும் தொடவில்லை.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் வந்து பார்த்துவிட்டு ஓடிவந்துவிடுகிறேன்.

உங்கள்
ஸ்ரீமதி


திருப்பாப்புலியூர்
19.2.2025

ஸ்ரீமதிக்கு,

அரசிக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் வந்தோம். பதினொன்றரைக்கு வந்தோம்.

எதிர்ப்பக்கம் பொரிக்கடையிலிருந்தே தெரிந்தது. அத்தனை ஆயிரம் ஜனம் கையைக் கூப்பிக்கொண்டு போகிற இடத்தில், நல்ல நாளும் அதுவுமாக, நீ ஒருத்தி தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாய். எனக்கு அதற்கு மேல் கால் நகரவில்லை.

அரசியும் பார்த்தாள். "அம்மா இன்னும் எறக்கலப்பா" என்றாள். ஓடிப்போய்த் தட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். குறிஞ்சிப்பாடி தாண்டும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள், பொரி வாங்கிக் கொடுத்ததும் தூங்கிவிட்டாள்.

கவுனை அனுப்ப வேண்டாம். இனிமேல் கடிதமும் வேண்டாம்.

எழிலன்


திருப்பாப்புலியூர்
2.11.2025

அன்புள்ள மதிக்கு,

என் கையெழுத்து உனக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எனக்கும் அந்த வலி வந்துவிட்டது.

நீ போன பிறகு ஆரிக்கு ஆள் வைத்தேன், நிற்கவில்லை. போன சித்திரையிலிருந்து உன் ஃப்ரேமில் நானே உட்கார ஆரம்பித்தேன். உன் இடத்தில், அதே மணைக்கட்டையில், காலையிலிருந்து கழுத்தைக் கவிழ்த்துக்கொண்டு. ஆடியில் தோளில் பிடித்தது. இப்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் என்னுடையவை மாதிரியே இல்லை. கத்தரிக்கோல் கையிலிருந்து விழுகிறது. இங்கே டாக்டர் மாத்திரைதான் கொடுக்கிறார்.

பத்து நாளுக்கு முன் வலி தாங்காமல் என்னை அறியாமல் கை தலைக்குப் போனது. சுவிட்சை அணைத்தது போல என்று நீ எழுதியிருந்தாய். அப்படியேதான் நின்றது. எனக்குத் திடுக்கென்றது. கையை எடுக்க மனம் வரவில்லை. அதற்குள் அரசி உள்ளேயிருந்து ஓடிவந்து ஓங்கித் தட்டிவிட்டாள். அப்படி ஒரு சத்தம் என் வாயிலிருந்து வந்து நானே கேட்டதில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மிட்டாய்க்குக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

இனிமேல் தட்டாதே, அப்பாவுக்கு வலிக்கிறது என்றேன். "அம்மாவுக்கு வலிக்கல, சும்மா கத்தறான்னு நீதானே சொன்ன? ஒனக்கு மட்டும் எப்டி வலிக்கும்?" என்கிறாள். "தலையில கை வெச்சா கடை வெளங்காதுப்பா" என்று எனக்கே சொல்கிறாள். தினமும் தட்டுகிறாள். அடித்தும் பார்த்தேன். என் கை தலைக்குப் போகிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறாள்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. போன வாரம் ஸ்கூலுக்குப் போகும்போது ஓடிவந்து என் வலது கையைப் பிடித்து இழுத்தாள். என் தோள் காதுவரை ஏறியது. நான் ஏற்றவில்லை மதி. கையை உதறிக்கொண்டேன். அவள் முகம் சுண்டிப்போய், "அப்பா, ஒனக்கு என்னப் புடிக்கலியா?" என்று நடுத்தெருவில் அழுதாள். நான் பெற்ற குழந்தையை எனக்குப் பிடிக்காதா? அங்கேயே நின்றுவிட்டேன். திருவந்திபுரம் படி, வளையல், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒன்றாக வந்து முன்னால் நின்றது.

நான் செய்தது பெரிய பாவம். உன் காலில் விழுந்து சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்கிறேன். நஜியாவிடம் கேட்டு என்ன பயிற்சி என்று எழுது. அரசியிடம் தட்ட வேண்டாம் என்று உன் கையால் நாலு வரி எழுது, நீ சொன்னால் நம்புவாள். எனக்கு அவள் தலையைச் சீவிவிடக்கூட முடியவில்லை. உன் ஃப்ரேமைத் துடைத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உன்னை அழைத்துப் போக வரட்டுமா? ஒரு வரி போடு.

உன்
எழிலன்


சிதம்பரம்
12.11.2025

அரசியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும் என்றுதான் பதிலைத் தள்ளிப்போட்டேன். இதை ஒரே மூச்சில் எழுதுகிறேன். விரல் மரக்கவில்லை.

பயிற்சியை நஜியா இரண்டு தாளில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறாள், இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். ஃப்ரேமை மார்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். ஒருத்தர் வலியில் துடிப்பதை மிட்டாய் டப்பாவோடு நின்று வேடிக்கை பார்க்க எனக்குத் தெரியாது. அதனால்தான் இது.

எனக்கு ஆடி மாசமே குணமாகிவிட்டது. நஜியா திரும்பவும் ஒயர் மாட்டி, கையை விரித்து, முழங்கையை நீட்டிப் பார்த்தாள். இடது கை போலவே வலதும் கடைசிவரை நீண்டது. கோடு எழும்பவில்லை. இப்போது கீழவீதியில் எட்டுப் பெண்களுக்கு ஆரி சொல்லிக்கொடுக்கிறேன். கை தலைக்குப் போய் நாலு மாசம் ஆகிறது. நீங்கள் கேட்டபடி இறங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை அடுப்படி வாசலில் நின்று படித்தேன். கோபுரத்தில் மணி அடித்தால்கூடக் காதில் விழாத மாதிரி படித்தேன். பாவம் செய்தேன் என்று எழுதின இடத்தில் அழுதேன், பொய் சொல்ல மாட்டேன். இந்த வரியைப் படிக்கத்தானே ஒன்றரை வருஷம் எழுதினேன். பிறகு "உன்னை அழைத்துப் போக வரட்டுமா" என்ற இடத்துக்கு வந்தேன். அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா ஸ்ரீமதி, தோளு ஏறுது? மறுபடியும் வலியா?" என்றாள். கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு தோளும் காதுவரை ஏறி நின்றது.

பயந்துபோய் அன்றே நஜியாவிடம் ஓடினேன். எல்லாச் சோதனையும் செய்தாள். "நரம்புல ஒண்ணும் இல்லக்கா, சுத்தமா இருக்கு" என்றாள். அப்படியானால் ஏன் ஏறியது என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வாங்கிவரப் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் என் தோளில் கண்டதாக நினைத்தீர்களே, அது அன்றைக்கு அங்கே இல்லை. இப்போது இருக்கிறது. நீங்கள் வர வேண்டாம்.

அரசிக்கு நாலு வரி எழுதச் சொன்னீர்கள். எழுத மாட்டேன். நீங்கள் பழக்கினது, அதை அவளிடமிருந்து எடுக்க எனக்கு நாலு வரி போதாது, பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு நிஜமாகவே வலித்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு அவள் அழுவாள். அந்த அழுகைக்குக் காரணமானவர் அந்த நேரம் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

டிசம்பர் இருபத்துநாலு அரையாண்டு லீவு. அன்று காலை பதினொரு மணிக்கு அண்ணனும் நானும் கடைக்கு வருவோம். அவள் துணிமணி, புத்தகம், பொம்மை, டி.சி. எல்லாம் கட்டி வையுங்கள். குருவிக் கவுன் இப்போது சின்னதாகிவிட்டிருக்கும், பெரிதாக வேறு ஒன்று குத்தி வைத்திருக்கிறேன். தர மாட்டேன் என்று நினைத்தால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் எழுதின ஐந்து கடிதமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. தெரிந்தேதான் கற்றுக்கொடுத்தேன் என்றதும் இருக்கிறது, வடலூரும் இருக்கிறது. அண்ணன் வக்கீலிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டான். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாராம்.

அதுவரை குழந்தையை அடிக்காதீர்கள். இன்னும் நாற்பத்திரண்டு நாள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். அவள் கிளம்பின பிறகு உங்கள் கையைத் தட்டிவிட அந்த வீட்டில் ஆள் இருக்காது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தலையில் வைத்துக்கொண்டு உட்காரலாம்.

ஸ்ரீமதி